வில்லா, மகுடமா? கொடைக்கு ஒன்றுதான் கட்டும் என்றால்

மாசி கழிந்தால் போதும், நெல்லைச் சீமையில் ஊருக்கு ஊர் கொடைக் கூட்டம், அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கும் திருவிழாவுக்கான கூட்டம், போடுவார்கள். கூட்டம் முடிவதற்குள் ஒரு சண்டையும் வந்துவிடும். வரி இவ்வளவு, செலவு இவ்வளவு, வில்லுப்பாட்டும், மகுடம் என்ற பறையை அடித்து ஆடும் கணியான் கூத்தும் இந்த வருஷம் ரெண்டும் கட்டாது, ஒன்றை நிறுத்தியாக வேண்டும், எதை? முன்பு இது கோயில் வாசலோடு முடிந்துவிடும். இப்போது ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு நடக்கிறது, சென்னையிலும் மும்பையிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் வில்லுக்கு ஓட்டுப் போட, ஊரிலேயே இருக்கிற பெரியவர்கள் "மகுடம் இல்லாம சுடலைக்குக் கொடையாடே?" என்று கொதிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ரெண்டு கச்சேரிகளில் எது நல்ல கச்சேரி என்கிற ரசனைத் தகராறு போலத்தான் தெரியும். ஓட்டெடுப்பில் கேட்கிற கேள்வியும் அதுதான். என்னைக் கேட்டால் கேள்வியே தப்பு. எது பிடிக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எதை இந்த வருஷம் விட்டால் அப்புறம் திரும்பக் கூப்பிட முடியாது என்று கேட்க வேண்டும். ரெண்டுக்கும் விடை வேறு வேறாக வருகிறது.

கொடை என்றால் என்ன

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மூன்றும் இப்போது தனித்தனி மாவட்டம். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் பிரிந்தன. ஆனால் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், முண்டன், பட்டவராயன் என்று ஊர்ச் சாமிகளுக்கு எடுக்கும் கொடை மூன்று மாவட்டத்துக்கும், ஒட்டியிருக்கும் கன்னியாகுமரிக்கும் பொதுவானது. பந்தல்கால் நடும் கால்நாட்டில் தொடங்கும். முதல் நாள் இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு, மறுநாள் மதியக்கொடை, அன்றிரவு சாமக்கொடை. பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளியில் வைப்பார்கள். பணம் தலைக்கட்டு வரியில் வருகிறது, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று விழாக்குழு பிரித்து வாங்குவது.

கொடையின் உயிர் சாமியாட்டத்தில் இருக்கிறது. சாமி வருவதற்குக் கதை பாட வேண்டும், கொட்டு வேண்டும். அந்த வேலையைச் செய்கிற இரண்டு கலைகள்தான் இப்போது ஒன்றோடு ஒன்று மோதவிடப்படுகின்றன. (நையாண்டி மேளத்தை யாரும் நிறுத்துவதில்லை. தீர்த்தம் எடுக்கவும் பூஜைக்கும் அது வேண்டும், அதனால் அது சண்டைக்கு வெளியே.)

வில்லுப்பாட்டு

ஆளைவிட நீளமான வில். பனை வைரத்தில் செய்தது, தோல் நாண், வில்லின் உடம்பெங்கும் வரிசையாக வெண்கல மணிகள். வில்லின் நடுவை ஒரு மண்குடத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி வில்லின் முன்னால் உட்கார்ந்து, மணி கட்டிய ரெண்டு வீசுகோலால் நாணைத் தட்டிக்கொண்டே கதை பாடுவார். குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அடிக்க, காற்று அடைபட்டு 'கும்' என்று ஒரு அடித்தொண்டைச் சத்தம் வரும். உடுக்கை, ஜால்ரா, கட்டை கூட நிற்கும். வலத்தே இருப்பவர்கள் அண்ணாவியோடு பாடுவார்கள், இடத்தே இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

கதைகள் பெரிய கதைகள். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனான பட்டன், வாலப்பகடை என்ற சக்கிலியரின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணந்துகொள்வதற்காகக் குடுமியையும் பூணூலையும் விட்டுச் செருப்புத் தைக்கிறான். கடைசியில் மாட்டுக் கிடையைக் காக்கப் போய்ச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு இன்றைக்கும் ஜனங்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். இந்தக் கதை ஜனங்களின் நெஞ்சில் இவ்வளவு காலம் நின்றதற்கு வில்லுப்பாட்டுதான் முக்கியக் காரணம். கதை நடுவில் சாமி பிறக்கும் கட்டம், சாகும் கட்டம் வரும்போது அண்ணாவி வேகத்தைக் கூட்டி, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடுவார், சாமியாடி எழும்புவார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வில் கோயிலை விட்டு வெளியே போயும் பிழைத்தது. நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினார். நெல்லைப் பக்கம் சத்திரபுதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மேடைக்கும் கொண்டுபோனார். அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ, 2022-இல் மறைவு. பெண்கள் அண்ணாவியாக உட்கார்ந்து பாடுகிறார்கள், யூடியூப்பில் அவர்களுக்குக் கூட்டம் இருக்கிறது. எந்தச் சாதிப் பிள்ளையும் ஒரு அண்ணாவியிடம் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

கணியான் கூத்து

இதை மகுடாட்டம் என்றும் சொல்வார்கள். கணியான் என்ற சின்ன சமூகத்தார் மட்டும் ஆடுவது. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் ஒன்று அது. ஆற்றங்கரையிலும் கரிசல் காட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குடும்பங்கள், அவ்வளவுதான்.

வில்லுக்காரர்கள் உட்கார்ந்து பாடுவார்கள், இவர்கள் நின்று பாடி ஆடுவார்கள். அண்ணாவி ஒருவர், பின்பாட்டு ஒருவர், மகுடம் அடிப்பவர் இருவர், பெண் வேடம் கட்டி ஆடும் ஆண்கள் இருவர். மகுடம் என்பது மர வளையத்தில் தோல் இழுத்துக் கட்டிய பறை. ரெண்டு மகுடத்தில் ஒன்று உச்சம், ஒன்று மந்தம். ஆட்டத்துக்கு முன்னால் ஓலையையோ கூளத்தையோ கொளுத்தி, அந்தத் தீயில் மகுடத்தைக் காட்டிக் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு, மறுபடி தீ. காய்ச்சல் போதாவிட்டால் உச்சமும் மந்தம்போல் தொளதொளவென்று பேசும், கூடிப்போனால் தோல் கிழியும். எப்போது நிறுத்துவது என்று அவர்கள் கைக்குத்தான் தெரியும், எந்த ஏட்டிலும் அது கிடையாது.

பாட்டும் ஆட்டமும் பாதிதான். மீதிப் பாதி சடங்கு. விளக்குச் சுடரில் கயிலாயத்தில் பிறந்து, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்று பூமிக்கு அனுப்பப்பட்டவன் சுடலை. அவன் வேட்டைக்குக் கிளம்பும் சாமத்தில் மகுடம் ஒலித்தாக வேண்டும் என்பது பல கோயில்களின் வழக்கம். அதோடு கைவெட்டு என்று ஒன்று உண்டு. கணியான் தன் கையைக் கீறி ரத்தத்தைச் சாமிக்குக் கொடுப்பது. ரத்தப்பலியாகக் கிடா வெட்டினாலும், கணியான் ரத்தம் விழாமல் சாமி அடங்காது என்று நம்புகிற கோயில்கள் இருக்கின்றன. இந்தக் கைவெட்டைப் பற்றிப் பின்னால் வருகிறேன், அதைத் தொடாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

"ஒன்றுதான்" என்ற நிலை எப்படி வந்தது

முன்பு பல ஊர்களில் ரெண்டும் நடந்தன. வில்லுக்கு ஒரு பக்கம், கணியானுக்கு ஒரு பக்கம் பந்தல் போட்டு மாறி மாறிப் பாடுவார்கள். இன்று முடியாமல் போனதற்கு ஜனங்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதிக்கூட உண்மையில்லை.

1. சம்பளக் கணக்கு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமலும் வில்லியம் போவனும் 1960-களில் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள், 'செலவு நோய்' என்று அதற்குப் பேர். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு ஆள் நாலு ஆள் வேலையைச் செய்வான், கூலியும் ஏறும். நாலு பேர் வாசிக்கிற இசைக்கு நூறு வருஷம் கழித்தும் நாலு பேர்தான் வேண்டும், அதே நேரம்தான் ஆகும். ஆனால் அந்த நாலு பேரும் வெளியே கூலி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்களே. அதனால் நேரில் நிகழ்த்தும் கலை எதுவானாலும் மற்றப் பொருள்களைவிட வருஷா வருஷம் விலை கூடிக்கொண்டே போகும். வில்லுக்கும் ஆறு பேர், மகுடத்துக்கும் ஆறு பேர், தாத்தா காலத்திலும் அதே. யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படி.

2. இரவு பத்து மணி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வாத்தியத்தையும் அந்த விதி சேர்த்தே சொல்கிறது. திருவிழாக்களுக்கு அரசு விலக்குக் கொடுக்கலாம், அதுவும் நள்ளிரவு 12 வரை, வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். சாமக்கொடையே பன்னிரண்டுக்கு மேலேதான் சூடு பிடிக்கும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எல்லா ஊரிலும் இதைக் கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும், அனுமதி வாங்கப் போகும் குழுவுக்கு இது தலைவலி. விளைவு என்னவென்றால், விடிய விடியப் பாட வேண்டிய கதையை மூன்று மணி நேரத்துக்குள் நறுக்குகிறார்கள். நறுக்கிய கதையைக் கேட்டுவிட்டு "என்ன இருக்கு இதில, இதுக்கா இம்புட்டு ரூபா" என்கிறார்கள்.

3. மற்றச் செலவுகள். இதுதான் பெரிசு, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. வரவு செலவுத் தாளை எடுத்துப் பாருங்கள்: பந்தல், சீரியல் செட், ரேடியோ செட், பிளெக்ஸ், வாணவேடிக்கை, கேரளத்துச் செண்டை மேளம், இன்னிசைக் கச்சேரி, எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சுவதை வில்லுக்கும் கணியானுக்கும் நடுவில் வைத்து "எது வேணும்?" என்கிறார்கள். செண்டைக்கு ஓட்டெடுப்பு வைத்த குழு எங்கேயும் உண்டா? பழைய கலைகள் ரெண்டும் ஒன்றையொன்று கொல்லவில்லை. மிச்சத்துக்குள் அவற்றைத் தள்ளிவிட்ட பிறகுதான் "ஒன்றுதான் கட்டும்" என்ற பேச்சே வருகிறது.

4. தேதி நெருக்கடி. பங்குனி முதல் ஆடி வரை ஐந்து மாதத்தில் செவ்வாய்க்கிழமை மொத்தம் 22-க்குப் பக்கம்தான் வரும். அதிலும் எல்லா ஊரும் சித்திரையில் நாலைந்து செவ்வாயையே குறிவைக்கிறது. ஒரு குழுவால் ஒரு இரவில் ஒரு ஊரில்தான் ஆட முடியும். ஒரே செவ்வாயில் அஞ்சு ஊர் கூப்பிட்டு, அடுத்த மாதம் ஒரு ஊரும் கூப்பிடாவிட்டால் அந்தக் குழு எப்படிப் பிழைக்கும்? கிராக்கி இருப்பதுபோல் தெரியும், வருமானம் இருக்காது.

பிடித்ததற்கு ஓட்டுப் போட்டால் என்ன ஆகும்

ஓட்டு வைத்தால் பெரும்பாலும் வில் ஜெயிக்கும். கதை புரிகிறது, பாட்டு காதுக்கு இதமாக இருக்கிறது, பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து கேட்கலாம், செல்போனில் எடுத்துப் போடலாம். கணியான் கூத்து அப்படி இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, ரத்தம், பேயாட்டம், சின்னப் பிள்ளைகளை அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாதி ஊர் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்காததற்கு யார் ஓட்டுப் போடுவார்?

ஒரு ஊர் மகுடத்தை ஒரு வருஷம் நிறுத்தினால் அந்த ஊருக்கு ஒன்றும் ஆகாது. வருகிற வருஷம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றுதான் ஒவ்வொரு குழுவும் நினைக்கிறது. ஆனால் ஒரே காரணத்தை வைத்து ஒரே பருவத்தில் பத்து ஊர் அப்படி நினைத்தால் அந்தக் கணியான் குழுவில் ஒருவர் வேறு வேலைக்குப் போவார். ஆறில் ஒருவர் போனால் குழு ஆறில் ஒரு பங்கு குறைவதில்லை, குழுவே இல்லை. உச்சம் இல்லாமல் மந்தம் மட்டும் அடித்துக் கூத்து நடத்த முடியாது. அப்போது கூப்பிட நினைக்கிற ஊருக்கும் ஆள் கிடைக்காது. சாகட்டும் என்று எந்த ஊரும் முடிவெடுக்கவில்லை, ஆனாலும் செத்துப்போகும்.

எதைத் திரும்பக் கொண்டுவரலாம்

ரெண்டையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால்:

1. கற்றுக்கொள்ளும் வாசல். வில்லுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மகுடத்துக்கு ஒரு சின்ன சமூகத்தின் ஆண்பிள்ளைகள் மட்டும்.
2. கோயிலுக்கு வெளியே இடம். வில்லுக்கு மேடை, பள்ளி ஆண்டு விழா, அரசு விளம்பரம், வானொலி. எய்ட்ஸ் விழிப்புணர்வைக்கூட வில்லில் பாடியிருக்கிறார்கள். மகுடத்தைக் கலைவிழா மேடையில் பத்து நிமிஷம் அடிக்கலாம், அவ்வளவுதான். சடங்கு கோயிலில் மட்டும்தான்.
3. பதிவு. வில்லுப்பாட்டுக் கதைகள் ஏட்டிலும் அச்சிலும் இருக்கின்றன. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தார், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் நிகழ்த்துகலைகளைப் பதிவு செய்துவருகிறது. கணியான் பாட்டையும் பதிவு செய்யலாம், ஆனால் தீயில் மகுடம் காய்ச்சும் கை, எந்தச் சாமிக்கு எந்த அடி, சாமியாடி எழும்பும்போது அடியை எப்படி மாற்றுவது, இதெல்லாம் ஒலிப்பதிவைக் கேட்டு வராது.

மூன்றிலும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. வில் ஒரு பத்து வருஷம் சில ஊர்களில் நின்றுபோனாலும் மறுபடி வரும். மகுடம் ஒரு தலைமுறை நின்றால் வராது. அதனால் சுடலை முதற்சாமியாக இருக்கிற கோயிலில் ஒன்றுதான் கட்டும் என்றால் மகுடத்தை வைக்கலாம் என்பது என் கட்சி. வில்லை எனக்குத்தான் ரொம்பப் பிடிக்கும், ஆனாலும்.

கைவெட்டும் பிறப்பும்

இப்படிச் சொன்னதும் ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். பிறப்பால் ஒரு சமூகத்தில் கட்டிப்போட்டிருக்கிற வேலையை, அதிலும் கையைக் கீறி ரத்தம் விடுகிற வேலையை, "நம் பண்பாடு காப்பாற்றப்பட வேண்டும்" என்று சொல்லி அவர்கள் பிள்ளைகளைச் செய்யச் சொல்ல நமக்கு என்ன உரிமை? பெண் வேடம் கட்டுகிறவனை ஊர் கேலி பேசும், சாமத்தில் அவன் ரத்தத்தைச் சாமிக்குக் கேட்கும், விடிந்தால் திண்ணையில் உட்கார வைக்காது. அந்த வீட்டுப் பையன் படித்து வேறு வேலைக்குப் போகிறான் என்றால் அதை இழப்பு என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை. கலை சாகிறதே என்ற கவலை அவன் தலையில் ஏற்ற வேண்டிய சுமையே அல்ல.

ஆனால் ஊர் கூப்பிடாமல் விட்டால் அது அவர்களுக்கு விடுதலை ஆகிவிடும் என்பதும் இல்லை. விட்டுப் போவது அவர்களாக எடுக்கிற முடிவு. ஓட்டெடுப்பில் தோற்று, வருமானம் போய், அதனால் விட்டுப் போவது வேறு. ஆட விரும்புகிறவருக்குக் கௌரவமான சம்பளம், வேடம் மாற்ற ஒரு அறை, பந்தியில் எல்லோரோடும் சாப்பாடு, கைவெட்டு செய்வதும் செய்யாததும் அவர் விருப்பம், இவ்வளவையும் கொடுக்கிற ஊர்தான் "மகுடம் வேணும்" என்று கேட்கலாம். கைவெட்டு இல்லாமல் சாமி ஏற்குமா என்றால், காலத்துக்கேற்ப எவ்வளவோ சடங்கு மாறிய கோயில்கள்தான் இவை. நரபலி கேட்ட சாமி என்று கதையில் வருகிறவர் கிடாயோடு சமாதானம் ஆகவில்லையா?

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அரசின் நல வாரியம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, வேண்டியதுதான். யுனெஸ்கோ பட்டியலில் கேரளத்தின் காளி கோயில் சடங்கான முடியேற்று 2010-இல் சேர்ந்தது, அதுபோல் இதற்கும் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்கலாம். பட்டியலில் பேர் வந்தால் சித்திரைச் செவ்வாயில் கூப்பிட ஆள் வந்துவிடுமா என்பதுதான் பாக்கி.

சரி, விழாக்குழு என்ன செய்யலாம்

1. முதலில் எந்தச் சாமிக்குக் கொடை என்று பாருங்கள். பட்டவராயனுக்கும் முத்தாரம்மனுக்கும் வில் போதும், யோசிக்கவே வேண்டாம். சுடலைக்கு மகுடம்.

2. ரெண்டு சாமியும் உள்ள கோயிலில் வெட்ட வேண்டியது சீரியல் செட்டையும் செண்டையையும். இதைச் சொன்னால் இளவட்டங்கள் முறைக்கும், முறைக்கட்டும்.

3. ஆண்டு விட்டு ஆண்டு மாற்றி வைப்பது நல்ல யோசனைபோல் தெரியும். ஒரு வருஷம் வில், மறுவருஷம் மகுடம். ஆனால் எல்லா ஊரும் ஒரே வருஷத்தில் மகுடத்தை விட்டால் குழு கலைந்துவிடும். பக்கத்து ஊரோடு பேசி, நீங்கள் வில் வைக்கிற வருஷம் அவர்கள் மகுடம் வைக்கிறமாதிரி முறை போட்டால்தான் அது வேலை செய்யும்.

4. செவ்வாயை விட முடியாத கோயில் செவ்வாயிலேயே வைக்கட்டும். வெள்ளியும் சம்மதம் என்கிற கோயில்கள் வெள்ளிக்கு மாறினால், அதுவும் சித்திரையை விட்டு வைகாசிக்கோ ஆடிக்கோ போனால், அதே குழுவுக்கு அதே பருவத்தில் இன்னும் பல இரவு வேலை கிடைக்கும். வரியில் ஒரு ரூபாய் கூட்டாமல் செய்யக்கூடிய உதவி இது.

5. கொடை முடிந்து கணக்குப் பார்க்கிற அன்றைக்கே வெற்றிலை பாக்கோடு அடுத்த வருஷத்துக்கு அச்சாரம் கொடுத்துவிடுங்கள். அண்ணாவி தன் மகுடக்காரர்களிடம் தேதியைச் சொல்லி நிறுத்திவைக்க முடியும். மாசியில் தேடிப்போனால், அதற்குள் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்திருப்பார், சித்திரைச் செவ்வாய்க்கு லீவு கேட்டால் அங்கே தர மாட்டார்கள்.